அமலா தூவிய பொடி

அமலாவை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். திண்டிவனத்தில் அஸ்வினியம்மா வீட்டில் நான் சமையல், அவள் பெருக்கித் துடைக்கிற வேலை. அவளுக்கு ஊர் வல்லம் பக்கம். அவள் வீட்டுக்காரர் இருதயராஜ் கொத்து வேலைக்குப் போகிறவர். பயப்படுவதில் அமலாவை மிஞ்ச ஆள் கிடையாது. குக்கர் விசில் அடித்தால் பயம், லிஃப்ட் பயம், போன் மணி அடித்தால் யாருக்கு என்னவோ என்று பயம். "பூனைகூட உன்னை மாதிரி பயப்படாதுடி" என்று நான் கேலி செய்வேன். "ஆமாங்க்கா, அதுவாச்சும் பால் குடிக்கும்" என்பாள்.

அவளுடைய முதல் குழந்தை பத்து மாதத்தில் வாந்தியும் பேதியுமாகப் போய்விட்டது. ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். அப்புறம் நான் கேட்கவில்லை.

அஸ்வினியம்மாவின் குழந்தை இனியாவுக்குப் பதினோரு மாதம். தவழ்ந்துகொண்டே வீடு பூராவும் போகும். கூடத்தில் ஒரு சிவப்புக் கார்ப்பெட், கோட்டக்குப்பத்துக் கடையில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. அதில் பாப்பா மூத்திரம் போய்ப் போய் வாடை வந்துவிட்டது. மழைக்காலம். தண்ணீரில் அலசினால் ஒரு வாரத்துக்குக் காயாது.

அஸ்வினியம்மா போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஆப்ப சோடாவைத் தூவ வேண்டும், ஒரு மணி நேரம் விட்டுத் தட்டிப் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"சோடா எங்கக்கா இருக்குது?" என்று கூடத்திலிருந்து அமலா கேட்டாள்.

நான் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூணாவது தட்டுல, பால் டப்பாவுல பாரு" என்றேன்.

அந்த வீட்டில் பாப்பாவின் பால் பவுடர் டப்பா தீரத் தீர நான் கழுவி வைப்பேன். ரவை அதில், மிளகு அதில், சோடாவும் அதில். எந்த டப்பாவிலும் பேர் எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று ஒரு எண்ணம்.

அமலா டீ வடிகட்டியில் பொடியைப் போட்டு விரலால் தட்டித் தட்டி, கோலமாவு மாதிரி மெலிசாகத் தூவினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய துடைப்பத்தால் நார் நிமிருகிற பக்கமாகப் பெருக்கினாள். குனிந்து மோந்து பார்த்தாள். "இன்னும் லேசா அடிக்குதேக்கா."

"புது சோடா வாங்கணுமோ என்னவோ" என்றேன். அத்தோடு விட்டுவிட்டோம்.

பாப்பா மத்தியானம் பூராவும் அந்தக் கார்ப்பெட்டில்தான் விளையாடியது. விரலைச் சப்பிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு ஒரு தடவை வாந்தி எடுத்தது. பால் செரிக்கவில்லை என்றார்கள் அஸ்வினியம்மா. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. அப்புறம் வயிற்றால் போனது.

அமலா துணியை அலசிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அஸ்வினியம்மா வீட்டுக்காரர் கோபி சார் சமையல்கட்டுக்குள் வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் சிநேகிதர்களோடு கேரம் ஆடப் போகிறவர். "வேணிக்கா, என் கேரம் பவுடரு எங்க? பாட்டில் உடைஞ்சிச்சின்னு ஒரு பால் டப்பாவுல கொட்டி வெச்சேனே."

"எந்தத் தட்டுல வெச்சீங்க சார்?"

"மூணாவது தட்டுலதான்."

அவர் நகர்ந்ததும் மூன்றாவது தட்டைத் துழாவினேன். பின்னால் ஒரு டப்பா, முன்னால் ஒரு டப்பா. இரண்டிலும் வெள்ளைப் பொடி. அமலா பின்னாலேயே வந்து நின்றாள்.

"எதை எடுத்த?"

"முன்னாடி இருந்ததைக்கா."

எலுமிச்சம்பழத்தை அறுத்தேன். பின் டப்பாப் பொடியில் ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. அது சோடா. முன் டப்பாப் பொடியில் விட்டேன். ஒன்றுமில்லை, சும்மா நனைந்து கிடந்தது. இன்னொரு சொட்டு விட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை.

"கேரம் பவுடரு கரப்பாம்பூச்சிக்குப் போடுறதுதானேக்கா?" என்று கேட்டாள். ஆமாம், இரண்டும் ஒரே போரிக் பவுடர்தான்.

அங்காளம்மா தாயே, என்று மனசுக்குள் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் என் கால் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போமே, வாந்தி நின்றுவிடுமே என்றுகூட நினைத்தேன். அதற்குள் அமலா கூடத்துக்குப் போய்விட்டாள்.

"அம்மா, பாப்பாவை ஜல்தி டாக்டர்கிட்ட தூக்கிக்கினு போங்க. கார்ப்பெட்ல நான் தூவினது சோடா இல்லம்மா. சாரோட கேரம் பவுடரு. நாந்தாம்மா தூவினேன்."

அஸ்வினியம்மா ஒரு கத்து கத்தினார்கள். குழந்தையும் அழ ஆரம்பித்தது. கோபி சார் கார் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அமலா பெருக்கி முறத்தில் அள்ளி வைத்திருந்த பொடியை ஒரு காகிதத்தில் கொட்டினாள், டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். "நீயும் ஏறு. டாக்டர் கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார்கள் அஸ்வினியம்மா. நானும் ஏறினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திண்டிவனத்தில் பார்த்த டாக்டர், "விழுப்புரம் கூட்டிக்கினு போயிடுங்க, அங்க குழந்தைங்களைப் படுக்க வெச்சிப் பார்ப்பாங்க" என்று எழுதிக் கொடுத்தார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பாப்பா மூன்றாவது தடவை வாந்தி எடுத்தது. வெறும் தண்ணி. பிறகு தாய் தோளில் துவண்டு படுத்துவிட்டது. அமலா ஜெபமாலையை உருட்டினாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் மேல்மலையனூர் அங்காளம்மாவை விடாமல் கூப்பிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் முன்னால் ஏழு வண்டி. பாப்பாவின் பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அம்மா, டப்பா இருக்கிற தட்டைக் காட்டினது நானு. திரும்பிப் பார்க்காம சொல்லிட்டேன்" என்றேன்.

அமலா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "சும்மா இருக்கா."

"பேர் எழுதாம பவுடரை சமையல்கட்டுல வெச்ச பேஜாரு புடிச்சவன் நானு" என்றார் கோபி சார், திரும்பாமலே.

"யாரு என்னன்னு அப்பறம் பேசிக்கலாம். வண்டியை எடுங்க!" என்று அஸ்வினியம்மா கத்தினார்கள். முன்னால் இன்னும் ஐந்து வண்டி இருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. "எவ்வளவு பவுடர் போட்டீங்க?" என்று கேட்டார்கள். சார் அமலாவைத் திரும்பிப் பார்த்தார்.

அமலாதான் சொன்னாள். பேச்சு திணறவே இல்லை. "டீ வடிகட்டியில மூணு வாட்டிங்க. வாட்டிக்கு ரெண்டு ஸ்பூன். பெருக்கி எடுத்தது இதோ இருக்குது. கார்ப்பெட்டுல தங்கினது அரை ஸ்பூனு, முக்கா ஸ்பூனு இருக்கும். பாப்பா பன்னண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் அதுல இருந்திச்சி. வலது கையைத்தான் சப்பும்."

டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். "நல்ல வேளை கொண்டாந்தீங்க. உள்ள போனது கொஞ்சமாத்தான் இருக்கணும். தண்ணிச்சத்து குறையாம பார்த்துக்குறோம். நாளைக்குக் காலையில தெரிஞ்சிடும்" என்றார்கள். நாளைக் காலை என்றால் எத்தனை மணி என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

காலையில் பாப்பா கண் விழித்து, ஊசி குத்திய கையை ஆட்டிப் பார்த்து அழுதது. நல்ல சத்தமான அழுகை. பத்து மணிக்குக் கஞ்சி குடித்தது. குடித்தது உள்ளேயே தங்கிவிட்டது. டாக்டரம்மா வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பயம் இல்ல" என்றார்கள். அஸ்வினியம்மா அப்போதுதான் அழுதார்கள். கோபி சார் வெளியே போய்விட்டார்.

அமலா கதவுக்கு வெளியிலேயே நின்றாள். ராத்திரி பூராவும் அங்கேதான் இருந்தாள். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்று தலையை ஆட்டுவாள். பாப்பா அவளைப் பார்த்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டி, "ம்மா, ம்மா" என்று தாவியது.

அஸ்வினியம்மா பாப்பாவின் கையில் இருந்த ஊசிக் கட்டைச் சரிசெய்தார்கள். பிறகு, "எடுத்துக்குங்க அமலாக்கா, கூப்புடுது பாருங்க" என்றார்கள்.

"கை கழுவிக்கினு வர்றேம்மா."

போனவள் வரவில்லை. பாப்பா சிணுங்க ஆரம்பித்துவிட்டது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வராந்தாக் கோடியில் குழாயடியில் நின்றாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை.

"போதும்டி, பாப்பா அழுவுது."

"இன்னொரு வாட்டிக்கா" என்று சோப்பை மறுபடியும் எடுத்தாள்.