மஞ்சள் பூசிய கவர்

போன கிழமை இரத்தத்தில் சீனி பார்க்கப் போயிருந்தேன். தாதி விரல் நுனியில் ஸ்பிரிட் பஞ்சை வைத்ததும், அந்தக் குளிர்ந்த மணம் என்னை இழுத்துக்கொண்டுபோய் இன்னோர் அறைக்கு முன்னால் நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம், பால்வினை நோய்ப் பிரிவு. பெயர்ப் பலகைகூட வெட்கப்பட்டதுபோலச் சின்னதாய் இருக்கும்.

சண்டை முடிந்து சில வருடங்கள். நாங்கள் ஐந்து பேர், ஆண்களை நேசிக்கும் ஆண்கள். எங்களோடு அந்தப் பிரிவின் தாதி, மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எச்.ஐ.வி. பற்றிக் கொழும்பிலிருந்து வந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துவிட்டு, "உது ஆருக்கு விளங்கும்? நீங்கள் கதைக்கிற மாதிரி எழுதுங்கோ, பிழையெண்டால் நான் திருத்திறன்" என்றார். எழுதினோம். என் பந்தியை மட்டும் வெட்டினார். "தம்பி, இது கவிதை. ஆணுறை எப்பிடிப் போடுறதெண்டு எங்கை கிடக்கு?"

அதையும் ஆணுறைகளையும் கல்யாண அழைப்புக் கவருக்குள் வைத்து எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டுபோனோம். கல்யாண அழைப்போடு போகிறவனை இந்த ஊரில் யாரும் மறிப்பதில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் பூசியது என் யோசனை. அதில் எனக்குப் பெருமை வேறு.

குருநகர் யூட்டுக்கும் ஒன்று. மீன்பிடிக்கிறவன், எங்கள் கூட்டாளி. அவனுடைய பழைய காதலன் தனக்கு எச்.ஐ.வி. என்று அவனிடமே சொல்லி மாதங்களாகியும், யூட் இரத்தம் பார்க்க வர மறுத்துக்கொண்டிருந்தான். "தெரியாமலே சாகிறன், விடடா" என்பான். நான் போனபோது அவன் கடலில். தாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாதா படம் மாட்டிய வேதக்கார வீட்டுக்கு மஞ்சள் பூசின அழைப்பு எங்கிருந்து வரும் என்று இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. தவிரவும், கல்யாண அழைப்பு ஒருவருக்கு மட்டும் வருகிற கடிதமல்ல, வீடே பிரிக்கும். தாய் பிரித்துவிட்டார்.

அடுத்த கிளினிக் நாள், வாசல் மரவாங்கில் யூட் உட்கார்ந்திருந்தான், தலை குனிந்தபடி. பக்கத்தில் தாய், மடியில் கவர்.

"உதுதானோ தம்பி உங்கடை கலியாணம்?"

கவரிலிருந்து எங்கள் தாளை எடுத்து விரித்தார்.

"முழுக்க வாசிச்சனான். வேளைக்கே இரத்தம் பாத்தால் குளிசை மருந்தோடை வாழலாமெண்டு கிடக்கு. உண்மையோ?"

"ஓம் அன்ரி."

அந்த வழியால் போன அயல் மனுசி ஒருத்தி நின்றாள். "என்ன மேரியக்கா, உந்த அறையிலை ஆருக்கு?"

"என்ரை பிள்ளைக்கு. உன்ரை மனுசனையும் கூட்டிக்கொண்டு வாவன்!"

முதலில் சிரித்தது யூட்தான். பிறகு எழுந்து உள்ளே போனான்.

இரத்தத்தில் கிருமி இருந்தது. இன்றும் குளிசை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறான், என்னைவிட நல்ல உடம்போடு.

அந்த அறையை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். வாங்கு போயிற்று. யூட்டின் தாயும் போய்விட்டார். ஒளித்துக் கொடுக்கிற எங்கள் பழக்கமும் போயிற்று. இப்போது நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், பட்டப்பகலில், வெறுங்கையால் ஆணுறை கொடுக்கிறோம். போகாமல் கிடப்பது எங்களைக் குற்றவாளிகள் என்னும் சட்டம் ஒன்றுதான். அதுவும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.