கடைசிப் பத்து நிமிடம்

எங்கள் தெருக்காரர்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் எங்களுக்குக் கிடையாது. சரியாக அந்த நேரத்தில் அப்பா தான் உட்கார்ந்திருந்த செய்தித்தாளை எடுத்து நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அதுதான் சைகை. பெரியப்பா வண்டிச் சாவியை எடுப்பார், அம்மா தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் திணிப்பாள், பதினைந்து இருபது பேரும் எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்துவிடுவோம்.

ஆடுவது யாரோ எவரோ என்றால்கூடப் பரவாயில்லை. கோலில் நின்றுகொண்டிருந்தது என் அத்தை.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. நான் சொல்லப்போகிற வருடம் அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பத்து. பகலில் பம்மலில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். விடியற்காலையில் அனகாபுத்தூர் ஆற்றோரத்துத் திடலில் பந்தைப் பார்த்துப் பாய்ந்து பாய்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வருவாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த அணி அது. வருடா வருடம் மே மாதம் பல்லாவரத்தைத் தாண்டி ஒரு சர்ச் மைதானத்தில் எழுவர் போட்டி நடக்கும். நாங்களும் வருடா வருடம் போவோம், முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்புவோம்.

முதல் வருடம் கடைசிவரைக்கும் உட்காரத்தான் செய்தோம். அந்த மைதானத்துக்கு ஒரே ஒரு கேட். ஜெயித்த கீழ்க்கட்டளைக்காரர்கள் அந்தக் கேட்டில் மேளத்தோடு நின்றுகொண்டு, "ஆத்தோரம் வந்துச்சு, ஆத்தோட போயிடுச்சு" என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் மேளம் அடித்து அனுப்பினார்கள். பெரியவர்கள் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த மேளத்துக்கு நடுவே நடந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடத்திலிருந்துதான் அந்தச் செய்தித்தாள் மடிப்பு. யாரும் அவமானம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "ஜிஎஸ்டி ரோட்ல ட்ராஃபிக் ஆயிடும்" என்றார்கள். பெரியப்பா தண்ணீர் கேன் போடுகிறவர். அவருடைய குட்டி யானை மினி லாரியின் பின்பக்கம்தான் எங்கள் எல்லோருக்கும் வாகனம். அவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான்.

அத்தையும் மற்ற பெண்களும் பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து வருவார்கள். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே அத்தை ஆரம்பிப்பாள். "கடைசில ஒண்ணு புடிச்சேண்ணா. போஸ்ட் ஓரத்துல போவுற பந்து..." அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி சரி, கை கால் கழுவினு வா, சோறு ஆறுது" என்பார். தோற்ற ஆட்டத்தில் எந்தப் பந்தைப் பிடித்தால் என்ன என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.

ஆற்றில் வெள்ளம் வந்துபோன அடுத்த கோடையில் இந்தக் கணக்கு குழம்பியது. வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளக்கோடு இன்னும் இருந்தது. பழைய ஜெர்சிகள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால், மஞ்சள் டீ ஷர்ட் வாங்கி அதில் பெயிண்டால் எண் எழுதியிருந்தார்கள். முதல் ஆட்டம் பெருங்களத்தூரோடு. ஒன்றுக்குப் பூஜ்யம் பின்தங்கியிருந்தபோது அப்பா செய்தித்தாளை மடித்தார். நாங்கள் வண்டியில் ஏறும்போது மைதானத்திலிருந்து ஒரு பெரிய சத்தம். "ரெண்டாவதும் வுட்டுட்டாளுங்க" என்றார் பெரியப்பா, வருத்தமே இல்லாமல்.

அத்தை ஏழு மணிக்கு வந்தாள். "ரெண்டு ஒண்ணு. ஜெயிச்சுட்டோம்" என்றாள்.

ஒருவரும் நம்பவில்லை. அம்மா அணியில் இருந்த இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அங்கேயும் அவர்கள் நம்பாமல் எங்களுக்குப் போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்களாம்! உண்மை என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். பெருங்களத்தூர் கோல்கீப்பருக்குக் காய்ச்சலாம். வெயில் அவர்கள் கண்ணில் அடித்ததாம். ரெஃபரி நம்ம பக்கத்து ஆளோ என்னவோ. எங்கள் பெண்கள் நன்றாக ஆடினார்கள் என்று சொல்வதற்கு மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. அடுத்த ஆட்டத்திலும் பாதியில் கிளம்பினோம், அதிலும் ஜெயித்தார்கள். அரையிறுதியிலும் அதேதான்.

பெரியப்பாதான் ராசியைக் கண்டுபிடித்தார். "நாம எழுந்து வந்தாத்தான் அவளுங்க ஜெயிக்கிறாளுங்க. உக்காந்துகினு இருந்தா தோத்துருவாளுங்க. நல்லா யோசிச்சுப் பாரு!" எல்லோரும் நன்றாக யோசித்துப் பார்த்து, ஆமாம் என்றார்கள். நான்கு வருடமாக எழுந்து வந்தபோதெல்லாம் தோற்றதை யாரும் யோசிக்கவில்லை. இதுவரை வெட்கத்துக்காகச் செய்ததை இனிமேல் வேண்டுதல் மாதிரி செய்ய வேண்டும் என்று முடிவானது. தெருவே தியாகம் செய்துகொண்டிருக்கும் பெருமிதம் அவர்கள் முகத்தில் வந்துவிட்டது.

இறுதி ஆட்டத்தன்று காலை அத்தை தன் க்ளவுஸைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "அண்ணா, இன்னிக்கு மட்டும் கடைசி வரைக்கும் இருங்களேன்."

"ராசின்னு ஒண்ணு கீதில்ல?" என்றார் அப்பா. "உனக்காகத்தான போறோம்."

"அப்போ நான் கோல்ல நின்னது?"

அப்பா சிரித்தார். "நீயும்தான் நின்ன. யாரு இல்லன்னா?"

அத்தை கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொடியில் இரண்டு கிளிப் போதும், அவள் ஆறு கிளிப் போட்டாள். பிறகு உள்ளே போய் ஷூவுக்கு லேஸ் கட்டத் தொடங்கினாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தைக்காக என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல சினிமாவில் பாதியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பத்தில் பிறந்துவிட்டேனே என்றிருந்தது.

எதிரணி கீழ்க்கட்டளை. அதே மேளம், அதே ஆட்கள். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது அப்பா எழுந்து செய்தித்தாளை மடித்தார். எல்லோரும் எழுந்தார்கள். நான் படிக்கட்டு ஓரத்து இரும்புக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரல."

அம்மா முதலில் கெஞ்சினாள், பிறகு தொடையில் கிள்ளினாள். அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்தாவது விரலைப் பிரிப்பதற்குள் முதல் விரல் மறுபடி ஒட்டிக்கொண்டது.

"இன்னாடி இது? உன்னால அவங்க தோத்தா?"

"தோத்தா தோக்கட்டும். நான் பாத்துட்டுத்தான் வருவேன்."

பத்து வயதுப் பெண்ணை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. தன் தம்பியான அப்பாவை விட்டுவிட்டுப் பெரியப்பாவும் வண்டியை எடுக்க முடியாது. கூட்டம் கேட்டருகே போய்த் திகைத்து நின்றது. ராசியையும் விடக் கூடாது, பெண்ணையும் விடக் கூடாது. அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கத்திலேயே, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அம்மாவும் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டுக் கேட்டில் நின்ற அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். ஆட்டத்துக்கு வந்த ஒரு தெருவே சுவரையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிடத்தில் கீழ்க்கட்டளை ஒரு கோல் அடித்தது. மேளம் அதிர்ந்தது.

"யாரு?" என்றார் அப்பா.

"அவங்க."

"நான் சொன்னேன்ல! புள்ளயா இது, பேஜாரு!" என்று கேட்டிலிருந்து பெரியப்பா கத்தினார். இப்போதாவது வா என்று அம்மா மறுபடி கையைப் பிடித்து இழுத்தாள். நான் குழாயோடு குழாயாக ஒட்டிக்கொண்டேன். எனக்கும் பயம்தான். நிஜமாகவே என்னால்தானோ என்று இருந்தது. ஆனாலும் விடவில்லை. அத்தை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, பந்தை நடுமைதானத்துக்கு ஓங்கி உதைத்தாள்.

முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எங்கள் ஒன்பதாம் எண் ஒரு கோல் போட்டாள்.

"கோல்!"

"யாருக்கு?"

"நமக்குப்பா, நமக்கு! ரெண்டு ரெண்டு!"

"பொய் சொல்லாத."

"திரும்பிப் பாருங்க."

"மாட்டேன்" என்றார் அப்பா. கக்கத்துச் செய்தித்தாள் நசுங்கிக் கூழாகிக்கொண்டிருந்தது.

பெனால்டி என்று விசில் ஊதினார்கள். அணிக்கு மூன்று உதை. நான் சொல்லச் சொல்ல அப்பா அதைக் கேட்டில் நிற்பவர்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்வார், அங்கிருந்து கேள்வி வரும், நான் பதில் சொல்வேன். எங்கள் முதல் உதை கோல். அவர்களுடையதும் கோல். எங்கள் இரண்டாவதும் கோல். அவர்களுடைய இரண்டாவதை அத்தை தடுத்துவிட்டாள்.

"புடிச்சுட்டாங்கப்பா! அத்தை புடிச்சுட்டாங்க!"

"புடிச்சாளா, அவங்க வெளிய அடிச்சாங்களா? ஒழுங்கா சொல்லு."

"புடிச்சாங்க!"

"கால் தடுக்கிப் பந்து மேல வுழுந்திருப்பா" என்று கேட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இல்லை என்கிறார்கள்! அதற்குள் எங்கள் மூன்றாவது உதை கம்பத்துக்கு மேலே பறந்துபோனது. கீழ்க்கட்டளைக்கு ஒரு உதை பாக்கி. கோல் போட்டால் சமம், அத்தை தடுத்தால் கோப்பை எங்களுக்கு.

"இன்னா ஆச்சு? சொல்லேன்டி" என்றார் அப்பா.

"சொல்ல மாட்டேன்."

"ஏய்!"

"இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேணும்னா திரும்பிப் பாருங்க. இல்லன்னா தெரியாமலே வூட்டுக்குப் போங்க."

வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அம்மா கிள்ளினாள், வலித்தது, திறக்கவில்லை. மேளம்கூட நின்றுவிட்டது. கீழ்க்கட்டளைப் பெண் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அந்த அமைதியைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. முதலில் தலை திரும்பியது, பிறகு தோள், பிறகு முழு ஆளும். தம்பி திரும்பியதைப் பார்த்துப் பெரியப்பா, "டேய், டேய்" என்றபடியே தானும் திரும்பினார். அதன்பிறகு ஒருவர் பாக்கியில்லை.

அத்தை பாய்ந்தாள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் உருண்டு எழுந்தாள்.

அப்பா என்னைத் தூக்கினாரா நான் அவர் மேல் ஏறினேனா என்று தெரியவில்லை. வெளியே வரும்போது கேட்டில் கீழ்க்கட்டளைக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டியபடி சும்மா நின்றிருந்தார்கள். பெரியப்பா அவர்கள் முன்னால் போய் நின்று, "இன்னாபா, கை வலிக்குதா? அடி, ஆத்தோரம் வருது!" என்றார். அவர்களும் நல்லவர்கள்தான், அடித்தார்கள். நாங்கள் கேட்டைவிட்டு நகரவே இல்லை. ஜிஎஸ்டி ரோட்டு ட்ராஃபிக் அன்றைக்கு ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. எங்களைப் பார்த்ததால்தான் அவளுக்குத் தெம்பு வந்தது, ராசி மாறிவிட்டது என்று பெரியப்பா அங்கேயே புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தார். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அடம் பிடித்ததற்கு நானும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அத்தை அன்றுதான் முதல்முறையாக எங்களோடு குட்டி யானையில் வந்தாள். காலி கேன்களுக்கு நடுவில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி பம்மல் பக்கம் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டாள்.

"அண்ணா, அந்தக் கடைசிப் பந்தை எப்படிப் புடிச்சேன், சொல்லுங்க."

அப்பா ஓடுகிற வண்டியில் எழுந்து நின்று, ஒரு கேனைப் பந்தாக வைத்துக்கொண்டு நடித்தே காட்டினார். ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அத்தை அங்கே இல்லாதவள் மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு புடிச்சேனே, அது?"

அப்பா மெதுவாக உட்கார்ந்து கேனைக் கீழே வைத்தார். அம்மா வெளியே பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "நீங்க இந்தப் பக்கம் சாயற மாதிரி சாஞ்சீங்க. அந்த அக்கா அந்தப் பக்கம் அடிச்சாங்க. நீங்க டக்குனு அந்தப் பக்கம் பாஞ்சீங்க. விரல்ல பட்டு, போஸ்ட்ல இடிச்சு, வெளிய போயிடுச்சு."

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள் அத்தை.

சொன்னேன். அனகாபுத்தூர் வருவதற்குள் நான்கு தடவை சொல்ல வைத்தாள். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து நிறுத்தி இன்னொரு தடவை கேட்டாள். பாவம், பதற்றத்தில் தான் பிடித்த பந்தே அவளுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். அதனால் அலுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து, ஒன்றும் விடாமல் அவளுக்குச் சொன்னேன்.