கிளம்புகிறவனுக்கு ஒரு சிரட்டை

லம்பாசா கரும்பாலையின் லாரி வரிசையில் ராம் சுமேர் கலக்கும் யங்கோனாவுக்குத் தனி மதிப்பு இருந்தது. வேர்ப்பொடியைத் துணியில் முடிந்து, பேசின் தண்ணீரில் அமுக்கி நிதானமாகப் பிழிவார். இரண்டு சிரட்டை உள்ளே போனால் நாக்கு மரக்கும். மேலும் போனால் கண் செருகும், கைகால் தளரும். ஆனால் குடித்தவன் கூச்சல் போடமாட்டான். வாயில் மது வாடையும் இருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆலை பழுதாகி வரிசை நகரவில்லை. காலையிலிருந்து ராம் சுமேரின் லாரி நிழலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த ஜோசேவா, மதியத்துக்கு மேல் எழுந்தான். தன் லாரியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தம்பி வந்த வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்த்தான்.

“எங்கடா ஓடுற? பொண்டாட்டிக்கு அவ்வளவு பயமா?”

“பொண்டாட்டி பரவால்லண்ணே. மாமியாக்காரி வந்திருக்கா.”

“அப்ப தெம்பா குடிச்சிட்டுப் போ. கிளம்புறவன வெறும் வாயோட அனுப்பி எனக்குப் பழக்கமில்ல. ஏற்றமா, வற்றமா?”

ஏற்றம் என்றால் விளிம்புவரை. ஜோசேவா பதில் சொல்லுமுன்பே ராம் சுமேர் நிறைய ஊற்றிவிட்டார். ஒரே மூச்சில் குடித்தான். வழக்கப்படி எல்லோரும் கைதட்டினார்கள்.

பள்ளிக்கூட வளைவில் வேன் சாலையை விட்டு இறங்கியது. அங்கே பஸ்ஸுக்காக நின்றிருந்த சுக்தேயி அந்த இடத்திலேயே இறந்துபோனாள். அவள் ராம் சுமேரின் மனைவி.

ஜோசேவாவை ஊதச் சொன்னபோது போலீஸ் கருவி ஒன்றும் காட்டவில்லை. வழக்கை நடத்திய சார்ஜண்ட் அகனிசி நேரே ராம் சுமேரிடம் வந்தாள்.

“மாமா, யங்கோனா அந்த மிஷின்ல தெரியாது. கூட இருந்தவங்க சாட்சி சொன்னாத்தான் உண்டு. எல்லாரும் சும்மா பேசிட்டிருந்தோம்கிறாங்க.”

“நான் சொல்றேன்மா.”

“அவன் வக்கீல் உங்கள என்ன கேப்பாருன்னு தெரியும்ல?”

“கேக்கட்டும். அவளக் கொன்னது அவன்தான்னு கோர்ட்டு சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

கூண்டில் ஏறிய ராம் சுமேர், ஜோசேவா காலையிலிருந்து குடித்ததைச் சொன்னார். பிறகு வக்கீல் எழுந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“கலக்கினது யாரு?”

“நான்.”

“கடைசிச் சிரட்டைய அவர் கேட்டாரா?”

“கேக்கல. நான்தான் குடுத்தேன்.”

“எழுந்து போறப்ப தடுமாறினாரா? பேச்சு குழறுச்சா?”

“இல்ல. ஆனா யங்கோனா அப்படியெல்லாம்…”

“கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. அவரால வண்டி ஓட்ட முடியாதுன்னு அப்ப நெனச்சீங்களா?”

ராம் சுமேர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆம் என்றால், ஓட்ட முடியாதவனுக்கு விளிம்புவரை ஊற்றி, சுக்தேயி தினம் பஸ்ஸுக்கு நிற்கும் சாலையில் அனுப்பிவைத்தவர் அவர். இல்லை என்றால் வழக்கே போயிற்று. அன்று மதியம் அவர் இரண்டையும் நினைத்திருக்கவில்லை. ஜோசேவாவின் மாமியாரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நெனக்கல,” என்றார்.

“என்ன சொல்லி அனுப்பினீங்க?”

“போயிட்டு வா தம்பின்னு.”

அகனிசி தலை நிமிரவில்லை. யங்கோனா மயக்கத்தில் ஓட்டினான் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றார் மாஜிஸ்திரேட். கவனக்குறைவு என்ற சின்னக் குற்றம் மட்டும் நின்றது. அதற்கு ஓர் அபராதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோசேவா தன் வீட்டுப் பெரியவர்களோடு வந்தான். காய்ந்த யங்கோனா வேர்க்கட்டை முற்றத்தில் வைத்துவிட்டு, தலைகுனிந்து தரையில் உட்கார்ந்தார்கள். அதை எடுத்துக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம்.

“அண்ணே, கோர்ட்ல வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு வக்கீல். இப்பவாவது…”

“பேசாத.”

ராம் சுமேர் வாசலிலேயே நின்றார். தூறல் விழுந்தது. ஒருவரும் எழவில்லை. மழை வலுத்தது. நனைந்த வேர் பூசணம் பிடித்துவிடும்; வாழ்நாளெல்லாம் அதைக் காத்துப் பழகிய கை அது. இறங்கிப் போய்க் கட்டைத் தூக்கிக் கூரைக்கடியில் வைத்தார்.

முதுகுக்குப் பின்னால் கைதட்டும் ஓசை, ஒரே சீராக, ஆழமாகக் கேட்டது. திரும்பினார். ஜோசேவாவின் தகப்பனார் அழுதுகொண்டே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

“நனையுதேன்னுதான்…” என்றார் ராம் சுமேர். மழைச் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை.