ரெண்டு பேரு வயசையும் கூட்டினா நாப்பத்தஞ்சு

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்வதென்று தம்பி ஆடி மாதமே முடிவு செய்துவிட்டான். தை மாதத்தில் நாள் குறித்து, சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு உண்மையில் என்ன வயது என்று யாரோ கேட்டார்கள்.

அப்பா சேலியமேட்டில் நெல்லும் கரும்பும் பயிர் வைத்தவர். அவருடைய ரேஷன் கார்டு ஒரு வயது சொன்னது, ஓட்டு கார்டு வேறொரு வயது சொன்னது. ஜாதகத்தைக் கரையான் தின்றிருந்தது. நான் வில்லியனூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆகவே இது என் வேலை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்தப்போ அப்பாவுக்கு இன்னா வயசும்மா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பொருத்தம் பாத்த ஜோசியரு, ரெண்டு பேரு வயசையும் கூட்டினா நாப்பத்தஞ்சு வருது, நல்ல எண்ணுன்னாரு. அதான் ஞாபகம் இருக்குது."

தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. என் மாணவர்கள் இந்த இடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

"உனக்கும் அம்மாவுக்கும் எத்தினி வயசு வித்தியாசம்பா?"

"மூணு" என்றார் அப்பா, யோசிக்காமல்.

இனி கஷ்டமில்லை. கூட்டினால் நாற்பத்தைந்து, கழித்தால் மூன்று. கல்யாணத்தின்போது அப்பாவுக்கு இருபத்து நான்கு, அம்மாவுக்கு இருபத்தொன்று. நான் அடுத்த வருஷம் பிறந்தேன், எனக்கு இப்போது முப்பத்தாறு. அப்படியென்றால் கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம், அப்பாவுக்கு அறுபத்தொன்று. அறுபது எங்களுக்குத் தெரியாமல் போன வருஷமே வந்துவிட்டுப் போயிருக்கிறது.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மூணு வருஷம் வித்தியாசம்னுதான சொன்னாரு? யாரு பெரியவங்கன்னு கேட்டியாடி?"

கேட்கவில்லை. இப்படிக் கேள்வியில் இல்லாததை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்களுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

"அவதான் பெரியவ" என்று கொட்டகையிலிருந்தே அப்பா சொன்னார்.

பெண் பார்க்க வந்தபோது அப்பாவுக்கு மீசைகூடச் சரியாக வளரவில்லையாம். ஆனால் பொருத்தம் அவ்வளவு நன்றாக இருந்ததாம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, வயதை மட்டும் மாற்றி ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மா மூன்று வயது சின்னவள்.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசுவது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

தம்பிக்கு வேறு கவலை. இந்தக் கணக்குப்படி அப்பாவுக்கு ஐம்பத்தெட்டுதான். கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிவைத்தால் சமையல்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார்.

"அக்கா, கல்யாணம் ரெண்டு பேருக்கும்தான? சராசரி எடேன்."

எடுத்தேன். அறுபத்தொன்றும் ஐம்பத்தெட்டும் நூற்றுப்பத்தொன்பது. அதில் பாதி ஐம்பத்தொன்பதரை. தை மாதம் வருவதற்கு அரை வருஷம் இருந்தது. இந்தச் சராசரியால் யாருடைய வயதும் தெரியவராது என்று தம்பியிடம் சொன்னேன். பந்தலுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அம்மா அந்த மாதம் சாயம் பூசவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, உறவினர்களுக்குச் சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடிக்கும் வேலை இருந்தது.

சடங்கு முடிந்து மணையிலிருந்து எழும்போது அப்பாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அம்மா முதலில் எழுந்து கையை நீட்டினாள். இத்தனை வருஷமும் அவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசி வந்திருக்கிறாள்.

"பாத்து எழுந்திரு" என்றாள்.

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.