ஷாகுல் சாரின் கட்டுரையை நான் வாசித்த மாலை

வாசகசாலை நண்பர்களே, என் கையெழுத்து வரிக்கு மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்குப் பிறகு எழுதப் படித்தவன் நான். அமரவிளையில் கடைக்கு வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தபோது ஷாகுல் சார் இறந்த செய்தி வந்தது. குலையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

கல்லூரியில் சரித்திரம் கற்பித்தவர் சார். குர்ஆனைப் பற்றி மேல்நாட்டு அறிஞர்கள் எழுதிய புத்தகங்களைத் தேடித் தேடி வாசிப்பார். கோபப்பட மாட்டார்.

"நல்லா உழைச்சிருக்கான், தங்கையா. ஆனா, இது மனுசன் எழுதினதுதான்னு தீர்மானிச்சிட்டாக்கும் முதல் பக்கத்தையே திறக்கான். யோசேப்புக்க கதை உங்க பைபிளிலயும் உண்டு, இதிலயும் உண்டு. உடனே, அங்கேருந்து எடுத்ததுன்னு எழுதுகான். ரெண்டும் ஒரே எடத்திலேருந்து வந்திருக்கலாம்னு அவனுக்குத் தோணாது. தோணாட்டா போகட்டு, தான் எங்க நின்னு பாக்கான்னு சொல்லலாம் இல்லியா?"

இதையே கட்டுரையாக எழுதினார். நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டிய வாரம் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. தள்ளிவைத்தால் கூட்டம் நடக்காமலே போய்விடும் என்று பயந்து, என்னை வாசிக்கச் சொன்னார்.

"சாறே, நான் எழுத்துக்கூட்டி முடிக்கதுக்குள்ள விடிஞ்சிரும்."

"மெதுவா வாசிச்சாத்தான் கேக்கியவனுக்கு ஏறும்."

வீட்டில் பலமுறை பழகினேன். எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் போனதால் பொருள் எனக்குள் ஏறவே இல்லை. மேடையில் நின்று, "நான் ஒரு முஸ்லிம். குர்ஆன் இறைவனின் சொல் என்று நம்புகிறேன்" என்று உரக்க வாசித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே விளங்கியது. முன்வரிசையில் எங்கள் கிறிஸ்தவ சபை உபதேசியார்! அவர் உரக்கக் கேட்டுவிட்டார்:

"எலே தங்கையா, ஞாயித்துக்கெழமைகூட கோயிலுக்கு வந்தியே! எப்பம் மாறினே?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கண் கட்டை அவிழ்த்த கையோடு கேட்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த சாரின் முகம் வாடிவிட்டது. அவருடைய இத்தனை வருட யோசனை ஒரு சிரிப்பில் முடியப்போகிறது. தாளை இறக்கிவிட்டுச் சொன்னேன்:

"அது சாறு சொல்லியது. நான் சபைக்காரனாக்கும். எனக்கு அந்த நம்பிக்கை கெடையாது. ஆனா அவரு எழுதினதை ஒரு எழுத்து விடாம வாசிப்பேன்."

கறுப்புக் கண்ணாடியோடு சார் துள்ளி எழுந்தார். "இதாக்கும் மக்கா என் கட்டுரை! அந்த மேல்நாட்டுக்காரன்மாரும் இப்படிச் சொல்லிட்டுத் தொடங்கினா போதும்!"

அதன்பின் கடைசி வரி வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. உபதேசியாரும்தான்.

எதைச் சொல்லத் தொடங்கினாலும் நான் நிற்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுவது சாரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். இன்று மறந்துபோனேன், இப்போதாவது சொல்லிவிடுகிறேன். சாரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய குறை ஒன்றுகூட இதில் இல்லாதது அதனால்தான். அவற்றை அடுத்த வாரம் எழுதுகிறேன். கொஞ்சம் உண்டு.