டோஸ்ட்ருப் ரயிலில் ஒரு பிரேசில் கதை

கோப்பன்ஹேகனிலிருந்து டோஸ்ட்ருப் போகும் ரயிலில் பழைய பிரேசில் சிறுகதைகளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கை யாழ்ப்பாணத்துப் பெண் காரணம் கேட்கிறார். தனியாக வாழும் ஒருவன், சாகப்போவதாகப் பொய் சொல்லி ஊரையே வீட்டுக்கு வரவழைக்கும் கதையைச் சொல்கிறேன்.

"ஐயோ, எங்கட அண்ணையும் இப்பிடித்தான்! காய்ச்சல் எண்டு கூப்பிட்டவர், அதுதான் போறன். பிரேசிலிலயும் மனிசர் இதே மாதிரியோ? பிறகு என்ன நடந்தது?"

"எல்லாரும் வந்த சந்தோஷத்துல அவனே எழுந்து சமைக்கப் போயிடுறான்."

அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். உடனே அண்ணனைப் போனில் அழைக்கிறார்.

"அண்ணை, வந்துகொண்டிருக்கிறன். மருந்து கொண்டு வரேல்லை. கோழிக்கறி வையுங்கோ, எல்லாரையும் கூப்பிடுறன்."

மறுமுனையிலிருந்து எனக்கும் கேட்குமளவு உற்சாகமாக ஒரு குரல்:

"எத்தினை பேர் வாறியள்?"