கறுப்பு அலமாரியும் வீட்டோடு மாப்பிள்ளையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கிய தோள் இது. அந்தத் தோளை நம்பித்தான் பிற்பாடு அதே ஊரில் தின்கன்ஜூன் பக்கம் கடை வைத்தேன். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களை வாங்கி விற்பது தொழில். தட்டோ, சைக்கிளோ, தையல் மெஷினோ, ஒரு தட்டுத் தட்டினால் அதன் ஆயுசைச் சொல்லிவிடுவேன். யாங்கோனில் என்னைப்போல் கண் உள்ளவன் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். ஆனால் வேறு யார் சொல்வார்கள்?

ஒரு மழைக்காலத்தில் கறுப்பு அரக்குப் பூசிய அலமாரி ஒன்று வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பொன்முலாம். குட்டிக் குட்டித் தூண்கள், படிகள். ஏதோ பிரபு வீட்டுச் சீமாட்டியின் நகை அலமாரி என்று முடிவுகட்டினேன். விற்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோய் முருகன் படத்தை உள்ளே வைத்தேன். கரண்ட் போன சாயங்காலங்களில் ஒரு விளக்கு ஏற்றினால் போதும், அந்தப் பொன் மூச்சு விடுவதுபோல் மினுங்கும். வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். வீடே தண்ணீரில் மிதந்து எங்கோ போவதாகத் தோன்றும்.

அந்த வருஷம் என் மனசில் ஒரே பாரம். எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் விரும்பிய பையனுக்கு ஊர் நடுவே கியாக்டடாவில் ஆபீஸ் வேலை, தகப்பன் இறந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டில் வந்து இருக்க வேண்டும் என்றேன். அவன் சரி என்றான். அவனுடைய அம்மாதான் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அண்ணே, வீட்டோட மாப்பிள்ளைன்னு என் புள்ளையப் பாத்து ஊரே சிரிக்கணுமா? நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அந்த ஒரு சொல்லில் பேச்சு முறிந்தது. மகளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் நன்றாகப் பர்மியப் பேச்சு பேசும் ஒரு ஜப்பான்காரப் பெண்மணி கடைக்குத் தட்டு வாங்க வந்தார். என் அலமாரியைக் காட்டிப் பெருமையடிக்க வேண்டுமே! வீட்டுக்கு அழைத்துப்போனேன். பார்த்ததும் மண்டியிட்டுக் கைகூப்பினார்.

"ஊலே, இது நகை அலமாரி இல்லை. வீட்டில் செத்துப்போனவர்கள் இருக்கும் இடம்."

ஊலே என்பது மாமா என்பதற்குப் பர்மாக்காரர்கள் சொல்லும் சொல். அந்தப் பெண்மணி அலமாரியின் அடியிலிருந்த இழுப்பறையைத் திறந்தார். துணியில் சுற்றிய சிறு மரப்பலகை, மேலே எழுத்து. இறந்த ஒருவருக்குக் கோயிலில் கொடுத்த பெயராம். நான் அதுவரை அந்த இழுப்பறையைத் திறந்ததே இல்லை. பலகையை எடுத்து அலமாரியின் ஓரத்தில் நிறுத்திவைத்தார்.

டீ ஆறுவதுகூடத் தெரியாமல் தன் நாட்டின் பழங்காலத்துக் கதை சொன்னார். புத்தருக்கும் செத்தவர்களுக்கும் அலமாரி, ஊர்த் தெய்வங்களுக்கு மேலே ஒரு பலகை. இரண்டுக்கும் சண்டை இல்லையாம். வீட்டில் வெந்த முதல் சோறு செத்தவர்களுக்கு. வெந்நீர்த் தொட்டியில் முதலில் வீட்டுத் தலைவர் குளிப்பார், கடைசியில் மருமகள். ஊரிலும் அப்படி வரிசை: முதலில் வாள் பிடித்தவர், அப்புறம் உழவர், அப்புறம் கைத்தொழில்காரர், கடைசியில் வியாபாரி. தோல் பதனிட்டவர்களும் பிணம் எடுத்தவர்களும் அந்த வரிசையிலேயே கிடையாது.

"அப்ப எங்க வீட்டு மொதலாளிக்குக் கடைசி எடமா?" என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இனி குளிக்கவும் கடைசியாப் போங்க!"

எனக்குக் காது சூடானது. ஆனால் அடுத்து அவர் சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், வாள் பிடித்த வீடானாலும், மாப்பிள்ளையையே மகனாக எடுப்பார்களாம். அவன் அந்த வீட்டுப் பெயரை ஏற்று, அந்த வீட்டுச் செத்தவர்களுக்குச் சோறு வைப்பானாம். அதில் கேவலம் இல்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டு, அலமாரி முன்னால் உட்காரவைத்து, எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன்போல அளந்தேன்.

"பேரையும் மாத்தணுமாக்கும்?"

"இந்த ஊர்ல யாருக்கும்மா குடும்பப் பேரு இருக்கு, மாத்துறதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. பொன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது, அண்ணே. இவன் இங்க வந்து ஒங்க வீட்டு ஆளுங்களுக்குச் சோறு வப்பான். எங்க வீட்டுக்காரருக்கு யாரு வெளக்கேத்துவா?"

என் மனைவி எழுந்துபோய் முருகனைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள்.

"எடம் இருக்கு, அண்ணி. நீங்களும் வந்துருங்க."

கல்யாணம் முடிந்த வாரம் சம்பந்தி வந்தார். ஒரு கையில் கணவர் படம், இன்னொரு கையில் தன் தலையணை. படத்தை முருகனுக்குப் பக்கத்தில் வைத்தார். மாப்பிள்ளை விளக்கேற்றினான். முதல் சோற்றைத் தட்டில் கொண்டுவந்த சம்பந்தி, ஓரத்திலிருந்த மரப்பலகையைப் பார்த்து நின்றார்.

"இவரு யாரு அண்ணே?"

"தெரியலம்மா. அலமாரியோட வந்தவரு."

"அப்ப வீட்டோட வந்த மாப்பிள்ள இவருதான்," என்றார். "இன்னொரு தட்டு எடுங்க, சோறு ஆறுது."